வூகாமர்ஸ்: செட்டிநாட்டுக் கடைகளுக்கு இதன் கார்ட் கணக்கு ஒத்துவருமா?

பலகாரம், மசாலாப் பொடி, கண்டாங்கிச் சேலை, ஆத்தங்குடி டைல்ஸ். செட்டிநாட்டிலிருந்து இணையத்தில் விற்கலாம் என்று இறங்குபவர் கையில் இருக்கும் சரக்கு பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும். இவற்றை விற்கச் சிறு கடைக்காரருக்குக் கட்டுப்படியாகும் மென்பொருள்களில் வூகாமர்ஸ் முக்கியமானது. வேர்ட்பிரஸ் தளத்தில் சேர்த்துக்கொள்ளும் நீட்சி இது. 2011இல் வந்தது, 2015இல் ஆட்டோமேட்டிக் நிறுவனம் வாங்கியது, அடிப்படை மென்பொருளுக்கு இன்றும் காசு கிடையாது. பொருள் ஏற்றுவது, படம் போடுவது, ஆர்டர் பார்ப்பது எல்லாம் சீக்கிரம் கைவந்துவிடும். அதையெல்லாம் விட்டுவிட்டு, இங்கே ஒரே ஒரு விஷயத்தைப் பார்ப்போம்: கார்ட்டின், அதாவது வாங்கும் பொருள்கள் சேரும் கூடையின், அடியில் வரும் மொத்தத் தொகை சரியாக இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே கை வைப்பது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கூட்டல் கழித்தலில் வூகாமர்ஸ் நம்பகமானது. ஆனால் செட்டிங்ஸில் ஒரு பெட்டி தவறாக நிரம்பியிருந்தால், எந்த எச்சரிக்கையும் தராமல் தவறான தொகையைக் காட்டிப் பணத்தையும் வாங்கிவிடும். பலகாரம், சேலைக் கடைகளுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். டைல்ஸ் கடைக்கு நிபந்தனையோடுதான். அந்த நிபந்தனை கீழே வருகிறது.

மொத்தம் தப்பு என்று வாடிக்கையாளர் கூப்பிட்டால், செட்டிங்ஸைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள்: வர வேண்டிய தொகை, வந்த தொகை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அந்த வித்தியாசமே பாதி வேலையை முடித்துவிடும். சில பைசா என்றால் முழுமையாக்கல் (மிச்சத் தசமங்களை அருகிலுள்ள எண்ணுக்குக் கொண்டுவருவது). விலையில் சரியாக 2.5, 5, 9, 18 சதவீதம் என்றால் வரி அட்டவணை. 30, 60, 90 என்று ஒரே தொகையின் மடங்காக வந்தால் கூப்பன், கூரியர் அல்லது யாரோ தளத்தில் ஒட்டிய கோடு (நிரல்). நேற்றைய விலையோடு பொருந்தினால் கேஷ் (வேகத்துக்காகச் சேமித்து வைத்த பழைய பக்கம்). இப்படிப் பிரிக்காமல் நீட்சிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பது நேரத்துக்குக் கேடு, அந்த நேரத்தில் வரும் ஆர்டருக்கும் கேடு.

வரி அட்டவணை: பெரும்பாலான தவறு இங்கேதான்

செட்டிங்ஸில் டாக்ஸ் பக்கத்தின் முதல் கேள்வி, நீங்கள் போடும் விலையில் வரி சேர்ந்திருக்கிறதா இல்லையா என்பது. கடை முழுவதற்கும் ஒரே பதில்தான். பொருளுக்குப் பொருள் மாற்ற வழி இல்லை. நம் பக்கத்துக் கடைக்கு இது பெரிய இடைஞ்சல். பொட்டலத்தில் வரும் பலகாரத்துக்கு எல்லா வரியும் உட்பட எம்.ஆர்.பி. அச்சிட வேண்டும் என்பது சட்டமுறை அளவியலின் 2011ஆம் ஆண்டு விதி. டைல்ஸ் வியாபாரத்திலோ சதுர அடிக்கு இவ்வளவு, ஜி.எஸ்.டி. தனி என்று பேசுவது வழக்கம். இரண்டையும் ஒரே தளத்தில் விற்பவர் வரி உட்பட என்ற பக்கமே நிற்பது நல்லது. டைல்ஸ் விலையை வரியோடு பெருக்கிப் போட்டுவிடுங்கள். இந்தத் தேர்வைப் பொருள்களை ஏற்றுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பிறகு மாற்றினால் பழைய விலைகள் தாமாக மாறாது. வரி தனி என்று 1,000 ரூபாய் போட்டிருந்த 18 சதவீதச் சரக்கு, மாற்றிய நிமிடத்திலிருந்து வரி உட்பட 1,000 ரூபாய் ஆகிவிடும். ஒவ்வொரு ஆர்டரிலும் வசூல் 180 ரூபாய் குறைந்துகொண்டிருப்பது மாதக் கடைசியில்தான் தெரியும்.

அடுத்தது விகித அட்டவணை. காரைக்குடியிலிருந்து தமிழ்நாட்டுக்குள் விற்றால் மத்திய அரசின் சி.ஜி.எஸ்.டி.யும் மாநில அரசின் எஸ்.ஜி.எஸ்.டி.யும், கேரளாவுக்கோ கர்நாடகத்துக்கோ மாநிலம் தாண்டும் விற்பனைக்கான ஐ.ஜி.எஸ்.டி. புதுச்சேரி பக்கத்தில்தானே இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது, அதுவும் ஐ.ஜி.எஸ்.டி.தான். அட்டவணையில் நாடு, மாநிலம், விகிதம் போன்றவற்றோடு பிரையாரிட்டி என்று ஒரு கட்டம் இருக்கிறது. வூகாமர்ஸின் விதி இது: ஒரு பிரையாரிட்டி எண்ணில் பொருந்தும் வரிகளில் ஒன்றை மட்டுமே எடுக்கும். எனவே சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. இரண்டுக்கும் 1 என்று போட்டுவிட்டால் ஒன்று மட்டும் விழும், மற்றது சத்தமில்லாமல் விடுபடும். வரி தனியாக உள்ள 1,000 ரூபாய்ப் பொருளுக்கு 18 சதவீதம் என்றால் 1,180 வர வேண்டும், வருவது 1,090.

வரி உட்பட விலை போட்ட கடையில் இதே தவறு இன்னும் ஆபத்தானது. 210 ரூபாய் எம்.ஆர்.பி. போட்ட தேன்குழல் பாக்கெட் கார்ட்டிலும் 210 என்றே இருக்கும். வாடிக்கையாளருக்குக் குறை எதுவும் தெரியாது. ஆனால் உள்ளே பிரித்த வரி 10 ரூபாய்க்குப் பதிலாக 5.12 ஆக இருக்கும். மொத்தம் சரியாக இருப்பதால் யாரும் தேட மாட்டார்கள். ரிட்டர்ன் போடும்போது கணக்கர்தான் கண்டுபிடிப்பார். ஆகவே மொத்தத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல், சோதனை ஆர்டர் ஒன்றில் வரியின் வரிசையையும் பாருங்கள். அதே டாக்ஸ் பக்கத்தில் வரியை ஒரே தொகையாகக் காட்டாமல் தனித்தனியாகக் காட்டும்படி வைத்தால் இது கண்ணில் பட்டுவிடும்.

5 சதவீதச் சரக்குக்குச் சரியான அமைப்பு இப்படி இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு சி.ஜி.எஸ்.டி. 2.5, பிரையாரிட்டி 1. தமிழ்நாட்டுக்கே எஸ்.ஜி.எஸ்.டி. 2.5, பிரையாரிட்டி 2. ஐ.ஜி.எஸ்.டி. 5, நாடு இந்தியா, மாநிலக் கட்டம் காலி, பிரையாரிட்டி 1. மாநிலம் குறிப்பிட்ட வரிசைக்கு வூகாமர்ஸ் முன்னுரிமை தருவதால், மதுரைக்காரருக்கு முதல் இரண்டும், கொச்சிக்காரருக்கு மூன்றாவது மட்டும் விழும். ஐ.ஜி.எஸ்.டி.க்கு 3 என்று தனி எண் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் தமிழ்நாட்டு வாடிக்கையாளருக்கு மூன்றும் சேர்ந்து விழுந்து வரி இரட்டிப்பாகும். மேலே சொன்ன 18 சதவீத 1,000 ரூபாய்ப் பொருள் 1,360 ஆகும். பக்கத்திலேயே இருக்கும் காம்பவுண்ட் கட்டத்தை ஜி.எஸ்.டி.க்குத் தொடவே வேண்டாம். அதை எஸ்.ஜி.எஸ்.டி. வரிசையில் டிக் செய்தால் சி.ஜி.எஸ்.டி.யின் மேலும் வரி ஏறி, 90க்குப் பதில் 98.10 வரும்.

ஐ.ஜி.எஸ்.டி. வரிசையே போடாமல் விட்ட கடைகளில் வேறு மாதிரிக் கோளாறு வரும். வரி உட்பட விலை என்ற அமைப்பில், வாங்குபவர் ஊருக்குப் பொருந்தும் வரி எதுவும் இல்லையென்றால் வூகாமர்ஸ் கடை இருக்கும் ஊரின் வரியைக் கழித்துவிட்டு மீதியை விலையாகக் காட்டும். 210 ரூபாய்த் தேன்குழல் கேரளக்காரருக்கு 200 ஆகிவிடும். தமிழ்நாட்டுக்குள் சோதித்தால் இது தெரியவே தெரியாது. இதே குணம் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அனுப்பும் ஆர்டரில் நியாயமானது, ஏனென்றால் ஏற்றுமதிக்கு உள்நாட்டு வரியைச் சேர்த்து வாங்க வேண்டியதில்லை. கடல் தாண்டி உறவும் தொழிலும் இருக்கும் செட்டிநாட்டில் இந்த ஆர்டர்கள் வரும் என்பதால், இதைக் கோளாறு என்று ஒரேயடியாக அடைத்துவிடாதீர்கள். ஐ.ஜி.எஸ்.டி. வரிசையைச் சேர்த்தால் உள்நாடு சரியாகிவிடும், வெளிநாடு அதன் போக்கில் இருக்கும். எங்கிருந்து வாங்கினாலும் ஒரே விலை வேண்டும் என்பவர்களுக்கு அதற்கென்று ஒரு ஃபில்டர் உண்டு. சின்னக் கோடுதான், டெவலப்பர் போட்டுத் தருவார்.

பழைய விகிதம் மாறாமல் கிடப்பதையும் பாருங்கள். பாக்கெட்டில் வரும் முறுக்கு, மிக்சர் வகைகளுக்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆகிவிட்டது. வூகாமர்ஸ் இந்தியாவின் வரி மாற்றங்களைத் தானாக இறக்கிக்கொள்ளாது. அட்டவணையில் நீங்கள் மாற்றினால்தான் மாறும். கடையில் 12 என்ற பெயரில் தனி டாக்ஸ் கிளாஸ் (வரி வகை) இருந்தால், விகிதத்தைத் திருத்துவதோடு எந்தப் பொருள்கள் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்றும் பார்க்க வேண்டும். கால் கிலோ, அரைக் கிலோ என்று வேரியேஷன் வைத்த பொருளில் ஒவ்வொரு அளவுக்கும் தனி டாக்ஸ் கிளாஸ் கொடுக்க இடமிருக்கிறது. அரைக் கிலோவில் மட்டும் பழைய கிளாஸ் தங்கிவிடுவது நடக்கும்.

இந்தப் பகுதியில் வூகாமர்ஸ் மேல் ஒரு கடுமையான குறை உண்டு. கூரியர் கணக்குக்கு அவர்கள் டீபக் மோட் கொடுத்திருக்கிறார்கள். ஷிப்பிங் ஆப்ஷன்ஸில் அதை இயக்கினால், இந்த வாடிக்கையாளர் எந்த மண்டலத்தில் பொருந்தினார் என்று கார்ட்டிலேயே சொல்லும். வரிக்கு அப்படி ஒன்றுமில்லை. எந்த வரிசை பொருந்தியது, எது ஏன் விடுபட்டது என்று காட்ட ஒரு பக்கம் இருந்திருந்தால், மேலே சொன்னதில் முக்கால்வாசி எழுதவே வேண்டியிருந்திருக்காது. இத்தனை வருட மென்பொருளில் இன்னும் இல்லை என்பது ஏமாற்றம்.

பைசா வித்தியாசம்

வரி தனியாக 45 ரூபாய் விலையுள்ள நான்கு வேறு வேறு பொருள்கள். கைமுறுக்கு, சீப்புச்சீடை, மனகோலம், ரிப்பன் பக்கோடா என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 சதவீத வரி. ஒவ்வொன்றுக்கும் சி.ஜி.எஸ்.டி. 1.125, அது 1.13 ஆகிறது. எஸ்.ஜி.எஸ்.டி.யும் 1.13. ஒரு பொருளுக்கு 2.26, நான்குக்கு 9.04, மொத்தம் 189.04. அதே கடையில் கைமுறுக்கை மட்டும் நான்கு எடுத்தால் 180க்கு 2.5 சதவீதம் 4.50, இரண்டும் சேர்ந்து 9, மொத்தம் 189 ரூபாய். ஒரே விலை, ஒரே எண்ணிக்கை, 4 பைசா வித்தியாசம். டேலி கணக்கு மென்பொருளில் போட்ட பில்லோடு தளத்தின் பில் ஒத்துப்போகாததற்கு இதுதான் வழக்கமான காரணம்.

தீர்வு டாக்ஸ் பக்கத்தில் இருக்கிறது: ஒவ்வொரு வரிசையிலும் முழுமையாக்காமல் துணைத்தொகையில் மட்டும் முழுமையாக்கு என்ற கட்டத்தை டிக் செய்தால் நான்கு பொருளுக்கும் 189 வரும். வரி தனி என்று நடத்தும் கடைக்கு இது அவசியம். வரி உட்பட விலை போட்டவர்களுக்கு மொத்தம் எம்.ஆர்.பி.யிலேயே நிற்கும் என்பதால் அவ்வளவு உறுத்தாது.

பைசா பிடிக்காதவர்கள் செய்யும் காரியம் ஒன்று உண்டு: ஜெனரல் பக்கத்தில் தசம இடங்களை 2இலிருந்து 0 ஆக்கிவிடுவது. அது காட்சியை மட்டும் மாற்றும் பொத்தான் என்று நினைத்துச் செய்கிறார்கள். கணக்கையும் அது மாற்றும். வரி தனியாக 90 ரூபாய்ப் பொருளுக்கு சி.ஜி.எஸ்.டி. 2.25, அது 2 ஆகிறது, எஸ்.ஜி.எஸ்.டி.யும் 2, மொத்தம் 94. கேரளாவுக்கு ஐ.ஜி.எஸ்.டி. 4.50, அது 5 ஆகிறது, மொத்தம் 95. உண்மையில் வர வேண்டியது இரண்டு இடத்திலும் 94.50. தசமத்தை 2இலேயே வையுங்கள். முழு ரூபாய் வேண்டுமென்றால் வரி உட்பட முழு ரூபாயில் விலை போடுங்கள். அதுவே சுத்தமான வழி.

ஆத்தங்குடி டைல்ஸ்: சதுர அடியும் எண்ணிக்கையும்

கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணக் கலவை ஊற்றி, சிமென்ட்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் இந்தக் கற்களை விலை பேசுவது சதுர அடியில். விற்பது எண்ணிக்கையில். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கார்ட் தடுக்கி விழுகிறது.

10 அங்குலத்துக்கு 10 அங்குலக் கல்லின் பரப்பு 100 சதுர அங்குலம். ஒரு சதுர அடி 144. ஆக, சதுர அடிக்கு 1.44 கல். விலை சதுர அடி 60 ரூபாய் என்று வைத்தால் ஒரு கல் 41.666... என்று முடிவில்லாமல் போகும். 41.67 என்று போட்டால் 100 சதுர அடிக்கு, அதாவது 144 கல்லுக்கு, 6,000.48 வரும். பைசாதானே என்று விட்டுவிடலாம். ஆனால் தசமத்தை 0 ஆக வைத்த கடையில் ஒரு கல்லின் விலை 42 என்று தெரியும், 144 கல்லுக்கு வரிசைத் தொகை 6,000 என்று தெரியும். போன் கால்குலேட்டரில் 42ஐ 144ஆல் பெருக்கிப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு 6,048 வரும். அவருக்குச் சாதகமான வித்தியாசம்தான், என்றாலும் கணக்கு தெரியாத கடை என்ற எண்ணம் வந்துவிடும். 42 என்றே விலையை ஏற்றிவிட்டால் பேசிய விலையைவிட 48 ரூபாய் கூட வாங்கியதாகும். எப்படிப் பார்த்தாலும் கல்லுக்கு விலை போடுவது தொல்லை.

எண்ணிக்கையைக் கொஞ்சம் மாற்றினால் தொல்லை தீரும். 36 கல் சரியாக 25 சதுர அடி. மிச்சம் மீதி கிடையாது. 36 கல் ஒரு பெட்டி, 25 சதுர அடி, 1,500 ரூபாய் என்று பொருளை ஏற்றுங்கள். நான்கு பெட்டி 6,000, எந்த செட்டிங்ஸிலும் 6,000தான். 8 அங்குலக் கல்லானால் 9 கல் 4 சதுர அடி, எனவே 36 கல் 16 சதுர அடி. 12 அங்குலத்துக்கு ஒன்றுக்கு ஒன்று, கவலையே இல்லை. உடைசலுக்கும் வெட்டுக்கும் கூடுதலாக வேண்டியதைத் தனியே சில்லறைக் கல் என்று ஒரு பொருளாக வைத்து முழு ரூபாயில் விலை போட்டுவிடலாம். அளவைக் கொடுத்தால் கல் எண்ணிக்கையைக் கணக்குப் போட்டுத் தரும் கட்டண நீட்சிகளும் கிடைக்கின்றன. ஆனால் பெட்டிக் கணக்கை ஒழுங்காக வைத்துக்கொண்ட கடைக்கு அவை தேவைப்படாது.

இன்னொரு எரிச்சல்: வீடு முழுக்கத் தளம் போட ஆர்டர் கொடுத்தால் தொகை லட்சத்தைத் தாண்டும். வூகாமர்ஸ் 1,25,000 என்று எழுதாது, 125,000 என்றுதான் எழுதும். தொகை சரிதான். ஆனாலும் காற்புள்ளி இடம் மாறி இருப்பதைப் பார்த்துப் பன்னிரண்டாயிரமா ஒன்றேகால் லட்சமா என்று ஒரு கணம் திகைக்கத்தான் செய்வார்கள். அடிப்படை செட்டிங்ஸில் இதை மாற்ற வழி இல்லை. சிறு கோடு சேர்க்க வேண்டும்.

கூரியரும் லாரியும்

மண்டலம் பிரிப்பதில் வூகாமர்ஸ் நன்றாகவே செய்கிறது. பின்கோடை 630* என்று நட்சத்திரம் போட்டோ, இந்த எண் முதல் அந்த எண் வரை என்றோ கொடுக்கலாம். பட்டியலில் மேலிருந்து கீழே பார்த்து, முதலில் பொருந்தும் மண்டலத்தோடு நின்றுவிடும். தமிழ்நாடு என்ற மண்டலத்தை மேலேயும் உள்ளூரைக் கீழேயும் வைத்தால் காரைக்குடிக்காரருக்கும் சென்னைக் கட்டணமே விழும். குறுகியது மேலே, அகன்றது கீழே என்று வையுங்கள். செட்டிநாட்டு ஊர்களுக்கு இலவச டெலிவரி என்று அறிவிப்பவர்கள் 630* மட்டும் போட்டுவிட்டு நின்றுவிடுகிறார்கள். செட்டிநாடு சிவகங்கை மாவட்டத்தோடு முடிவதில்லை. பொன்னமராவதி, கோனாபட்டு, ராயவரம் எல்லாம் புதுக்கோட்டை மாவட்டம், பின்கோடு 622இல் தொடங்கும். அவர்களுக்குக் கட்டணம் விழுந்தால் கோபம் நியாயம்தான். அதற்காக 622* என்று முழுவதும் திறந்துவிட்டால் புதுக்கோட்டை நகரமும் உள்ளே வந்துவிடும், 630* போட்டால் சிவகங்கை நகரமும் வந்துவிடும். ஊர் ஊராகப் பின்கோடுகளை எழுதுவதுதான் சரி.

பலகாரமும் டைல்ஸும் சேர்ந்து ஒரே கார்ட்டில் வந்தால் ஷிப்பிங் கிளாஸ் (அனுப்பும் வகை) வேண்டும். ஃபிளாட் ரேட் முறையில் இரண்டு விதமாகக் கணக்கிடலாம்: ஒவ்வொரு கிளாஸுக்கும் தனியாக வாங்கிக் கூட்டுவது ஒன்று, கார்ட்டில் இருப்பதிலேயே அதிகமான கிளாஸுக்கு மட்டும் வாங்குவது இன்னொன்று. டைல்ஸ் லாரி பார்சலில் போகும், பலகாரம் கூரியரில் போகும், இரண்டுக்கும் தனித்தனிச் செலவு. ஆகவே முதல் முறை. 10 அங்குலக் கல் ஒன்று முக்கால் அங்குல கனத்தில் இரண்டரை கிலோவுக்கு மேல் நிற்கும். 36 கல் பெட்டி 90 கிலோவைத் தாண்டும். இதைத் தெரியாமல் இரண்டாவது முறையில் விட்டால் கூரியர் பணம் கையை விட்டுப் போகும். எடைப்படி கட்டணம் அடிப்படை வூகாமர்ஸில் இல்லை, டேபிள் ரேட் நீட்சி வேண்டும். அது போட்டவர்கள் எடை அலகைப் பாருங்கள்: கடையின் அலகு கிலோ என்று இருக்க, கால் கிலோ பாக்கெட்டுக்கு 250 என்று எழுதினால் அது 250 கிலோ. கார்ட்டில் கூரியர் ஆயிரக்கணக்கில் வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

கூரியர் கட்டணத்தின் வரியும் கவனிக்க வேண்டியது. கார்ட்டில் உள்ள பொருளை வைத்து வரி என்று விட்டிருந்தால், ஸ்டாண்டர்ட் கிளாஸ் பொருள் ஒன்று கலந்திருந்தாலே கூரியருக்கும் ஸ்டாண்டர்ட் விகிதம்தான் விழும். ஸ்டாண்டர்டில் 5ஐயும் தனி கிளாஸில் 18ஐயும் வைத்த கடையில் கலப்பு ஆர்டரின் கூரியருக்கு 5 சதவீதம். அது சரியா என்பதைக் கணக்கரிடம் கேட்டு, தேவைப்பட்டால் கூரியருக்கென்று ஒரு கிளாஸை நிலையாகத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

கூப்பனில் அதிகம் சொல்ல இல்லை. தீபாவளிக்கு 50 ரூபாய் தள்ளுபடி என்று கார்ட்டுக்கு ஒருமுறை தர நினைத்து, பொருளுக்கு நிலையான தள்ளுபடி என்ற வகையைத் தேர்ந்தால், நான்கு பாக்கெட் வாங்குபவருக்கு 200 ரூபாய் கழியும். 10, 20 சதவீதக் கூப்பன் இரண்டையும் சேர்த்துப் போட அனுமதித்தால் 1,000 ரூபாய்க்கு 700 வரும். ஒன்றன் பின் ஒன்றாகக் கணக்கிடு என்ற கட்டத்தை டிக் செய்தால் 720. இலவச டெலிவரியோடு சேரும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 1,000 ரூபாய்க்கு மேல் இலவசம் என்று வைத்த கடையில் 1,050க்கு வாங்கியவர் 100 ரூபாய்க் கூப்பன் போட்டால் தொகை 950. இலவசம் போய் 80 ரூபாய் கூரியர் ஏறும். 100 தருகிறேன் என்று சொல்லி 20 தந்ததாக ஆகிவிடும். கூப்பனுக்கு முந்தைய தொகையை வைத்துக் குறைந்தபட்சத்தைப் பார் என்ற கட்டம் இலவச டெலிவரியை அமைக்கும் இடத்திலேயே இருக்கிறது; அதை டிக் செய்வது மரியாதை.

கேஷும் கடன் வாங்கிய கோடும்

தலைப்பில் உள்ள சின்ன கார்ட்டில் ஒரு தொகை, கார்ட் பக்கத்தில் இன்னொரு தொகை என்றால் கேஷ்தான். கார்ட், செக்அவுட், மை அக்கவுண்ட் ஆகிய மூன்று பக்கங்களையும் கேஷ் நீட்சியிலிருந்தும், ஹோஸ்டிங் தரப்பு கேஷிலிருந்தும், சி.டி.என். (தளத்தின் நகலைப் பல ஊர்களில் வைத்துத் தரும் சேவை) விதியிலிருந்தும் விலக்க வேண்டும். மூன்று இடத்திலும் பாருங்கள். நீட்சியில் மட்டும் விலக்கிவிட்டு முடிந்தது என்று இருப்பது வழக்கம். தனிச் சாளரத்தில் திறந்தால் தொகை சரியாகி, பழைய சாளரத்தில் தப்பாகவே இருந்தால் அந்த உலாவியில் பழைய செஷன் தங்கியிருக்கிறது. ஸ்டேட்டஸ் பக்கத்தின் டூல்ஸில் வாடிக்கையாளர் செஷன்களை அழிக்கும் பொத்தான் இருக்கிறது. அது அப்போது வாங்கிக்கொண்டிருப்பவர்களின் கார்ட்டையும் காலி செய்துவிடும் என்பதால் பகலில் தொடாதீர்கள்.

பேக்கிங் கட்டணம், பரிசுப்பெட்டிக் கட்டணம் என்று இணையத்தில் கிடைத்த கோட்டை தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் ஒட்டியிருந்தால் அதைச் சந்தேகப்படுங்கள். கூட்டுத்தொகை போடுவதற்கு முன் ஓடும் ஹூக் (நம் கோட்டை இணைக்கும் இடம்) ஒரே பக்கம் திறப்பதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை ஓடலாம். இப்போதுள்ள விலையோடு 30 கூட்டு என்று எழுதியிருந்தால் இரண்டாவது ஓட்டத்தில் இன்னொரு 30 ஏறும். 200 ரூபாய்ப் பொருள் 260 ஆகும். பொருளின் மூல விலையை ஒவ்வொரு முறையும் புதிதாக எடுத்து அதனோடு கூட்டும்படி எழுத வேண்டும். இல்லையென்றால் விலையைத் தொடாமல், கட்டணம் சேர்ப்பதற்கென்றே வூகாமர்ஸ் தரும் முறையில் தனி வரிசையாகச் சேர்க்க வேண்டும். இரண்டாவதே மேல், வாடிக்கையாளருக்கும் எதற்கு எவ்வளவு என்று தெரியும். 2023 நவம்பரில் வந்த 8.3 பதிப்பிலிருந்து புதிய கடைகளில் கார்ட்டும் செக்அவுட்டும் பிளாக் வடிவில் வருகின்றன. பழைய நீட்சிகள் சில அதில் வேலை செய்யாது. கேஷ் ஆன் டெலிவரிக் கட்டணம் ஏறவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

கார்ட்டில் சரியாக இருந்து, பணம் கட்டும் பக்கத்தில் ஒரு பைசா குறைந்தால் அது வேறு வகை. பேமெண்ட் கேட்வேக்குத் தொகையைப் பைசாவில் முழு எண்ணாக அனுப்ப வேண்டியிருக்கும். 19.99ஐக் கணினியில் 100ஆல் பெருக்கினால் 1998.9999... என்று வரும். முழுமையாக்காமல் தசமத்தை வெட்டி எறியும் கோட்டில் அது 1998 ஆகிவிடும். பேர்பெற்ற கேட்வேக்களின் சொந்த நீட்சியைப் போட்டால் இந்தத் தொந்தரவு பொதுவாக இருக்காது. சொந்தமாக எழுதி இணைத்த கடைகளில் தேடுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் பிடிபடாவிட்டால், வேர்ட்பிரஸின் ஹெல்த் செக் நீட்சியில் டிரபிள்ஷூட்டிங் மோட் இருக்கிறது. உங்கள் உலாவிக்கு மட்டும் எல்லா நீட்சிகளும் அணைந்து அடிப்படைத் தீம் வரும். வெளியே கடை எப்போதும்போல ஓடும். வூகாமர்ஸை மட்டும் இயக்கிக் கார்ட்டைப் பாருங்கள். சரியாக வந்தால் நீட்சிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, எதைச் சேர்க்கும்போது எண் மாறுகிறது என்று பாருங்கள். ஸ்டேட்டஸ் பக்கத்தில் தீமின் பழைய டெம்ப்ளேட்கள் பற்றிய எச்சரிக்கை இருந்தால் அதையும் தள்ளிப் போட வேண்டாம்.

கோளாறைச் சரிசெய்தபின் மதுரை, கொச்சி, புதுச்சேரி, சிங்கப்பூர் என நான்கு முகவரிக்கு ஒரே கார்ட்டைப் போட்டு வரியின் வரிசை வரை ஒப்பிடுங்கள். ஏற்கெனவே தவறான தொகையில் வந்த ஆர்டர்களைத் திறந்து ரீகால்குலேட் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். அது அன்றைய விகிதத்தில் கணக்கிடாது, இப்போது அட்டவணையில் உள்ள விகிதத்தில் கணக்கிடும். 2025 செப்டம்பருக்கு முன் 12 சதவீதத்தில் பில் போன முறுக்கு ஆர்டர் 5 சதவீதமாக மாறி, வாடிக்கையாளர் கையில் உள்ள பில்லும் தளத்தில் உள்ள ஆர்டரும் வேறு வேறாகிவிடும். அந்த ஆர்டர்களின் எண்ணையும் வித்தியாசத்தையும் எழுதிக் கணக்கரிடம் கொடுத்து, கிரெடிட் நோட்டோ டெபிட் நோட்டோ போட்டு நேர்செய்யுங்கள்.